பெட்டிக்குள் ஒரு பேண்டு

எங்கள் வீட்டுச் சண்டையை இந்தத் தொடரில் முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள்.

குபாலா குடும்ப பேண்டில் இருபத்தாறு வருடம் நின்று பாடியவள் என் அம்மா லவெர்ன். பிப்ரவரியில் ஒரு நாள், இனிப் பாட மாட்டேன் என்றாள். ரூடி சித்தப்பா கார்பஸ் கிறிஸ்டி நகரத்துக்குக் குடிபோனதில் ஸ்டீல் கிடார் வாசிக்க ஆளில்லாமல் இருந்தது. அந்த நாற்காலியில் தான் உட்காரப்போவதாகச் சொன்னாள்.

அப்பா எர்வின் அக்கார்டியன் வாசிப்பவர், பேண்டுக்குத் தலைவர். "உன்னோட பேண்டு ஒத்திகை பார்க்காது" என்றார்.

"சரி. பேண்டு இல்லாமலே பார்த்துக்கறேன்" என்றாள் அம்மா.

அங்கேதான் நான் வந்தேன். என் பெயர் மார்லா, வயது இருபத்து மூன்று. குபாலா குடும்பத்தில் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாத ஒரே ஆள். பகலில் மாட்டுத் தீவனக் கடையில் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலைக் கல்லூரியில் மருத்துவ ஆய்வகப் பரிசோதனை வகுப்பு. அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் ஸ்டீல் பழக, பின்னணியில் பேண்டு மாதிரி வாசித்துக்கொடுக்கும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், ஒரே ஐந்து பாட்டு, ஒரே ஸ்பீக்கர். அவற்றின் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையவில்லை. திரையில் தெரியும் நிறத்தை வைத்து சிவப்பு, நீலம், பச்சை என்று கூப்பிட்டோம்.

இன்று சனிக்கிழமை. ஆறாவது வாரத்தின் கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு, எங்கள் பேண்டு நடனத்துக்கு வாசிக்கும் மொராவெக் ஹாலில், அம்மாவுக்கு அப்பா ஒரு சோதனை வைத்திருந்தார். எந்தப் பாட்டு என்று அவர் சொல்வார். ஒரே ஒரு பாட்டு. வாசித்துவிட்டால் இன்றிரவு நடனத்துக்கு ஸ்டீல் அம்மாவுடையது. இல்லையென்றால் விக்டோரியா ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து கிறிஸ்துமஸ் வரை அந்த நாற்காலியில் உட்காருவார், அம்மா அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கக் கூடாது.

அம்மா ஒப்புக்கொண்டு கை கொடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கை கொடுத்தால் கொடுத்ததுதான்.

காலை ஏழு மணிக்குத் துணி துவைக்கும் அறையில் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். ஸ்டீல் அங்கேதான் இருக்கிறது, துவைக்கும் இயந்திரத்துக்கும் பெரிய ஃப்ரீஸருக்கும் நடுவில். நான்கு கால் போட்டு நிற்கும் குட்டி மேஜை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பி, அடியில் மூன்று மிதி, முழங்காலால் தள்ள நெம்புகோல்கள். இடது கையில் ஒரு இரும்பு உருளை. அதைக் கம்பிகள் மேல் நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும்.

"நீலத்தை அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு" என்றேன், நோட்டைப் பார்த்து. "காரணம் எழுதணும்."

"எழுது. அந்த ஃபிடில்காரன்."

நீலத்தில் இருந்தவர்கள் நிஜமான ஆட்கள். ஸ்டூடியோவில் வாசித்துப் பதிந்தவர்கள். அவ்வளவு நன்றாக வாசித்தார்கள்.

"ஃபிடில்காரன் நல்லாத்தானேம்மா வாசிக்கிறான்?"

"சாப்பாட்டு மேஜையில உன் பெரியப்பா மாதிரி வாசிக்கிறான். அடுத்தவன் வாயைத் தெறக்கறதுக்குள்ள அவன் பேசி முடிச்சிருப்பான். நான் எங்க நுழையறது?"

'இடம் விடுவதில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

மிச்சம் பச்சையும் சிவப்பும். பச்சையை நான்தான் கண்டுபிடித்தேன். எந்தப் பழைய பதிவைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வாத்தியத்தை மட்டும் பிரித்து எடுத்துவிடும். ஹாலில் பதிந்த எங்கள் பேண்டின் கேசட்டுகளைக் கொடுத்தேன். ரூடி சித்தப்பாவின் ஸ்டீலை எடுத்துவிட்டு மற்றவர்களை மட்டும் விட்டது. அண்ணன் லீலண்டின் டிரம், ஆல்டன் மாமாவின் பேஸ், அம்மாவின் குரல், அப்பாவின் அக்கார்டியன்.

முதல் நாள் அதைக் கேட்டபோது அம்மா அப்படிச் சிரித்தாள். "ஒத்திகைக்கு வர மாட்டேன்னாரு பெரிய மனுஷன். இனிமே பாரு, தெனமும் காலைல ஏழு மணிக்கு வந்து துவைக்கற மெஷின் பக்கத்துல கைகட்டி நிப்பாரு!"

எனக்குப் பச்சைதான் ஜெயிக்கும் என்று தோன்றியிருந்தது. ஒரு சிறிய திருத்தம்தான் செய்ய வேண்டியிருந்தது. சித்தப்பாவை எடுத்த பிறகு, பாட்டுகளின் தொடக்கத்தில் சில வினாடிகள் ஒன்றுமே இல்லாமல் கிடந்தன. அந்த வெற்று இடத்தை வெட்டினேன். மற்ற இரண்டிலும் பாட்டு தொடங்குமுன் 'டிக், டிக், டிக், டிக்' என்று நான்கு தட்டு வரும். இதிலும் அதை முன்னால் ஒட்டினேன். மூன்றும் ஒரே மாதிரி ஆரம்பித்தால்தானே ஒப்பிட முடியும்? செய்து முடித்ததும் எனக்கு என் மேலேயே கொஞ்சம் மதிப்பு வந்தது.

"பச்சை வேண்டாம்" என்றாள் அம்மா.

"ஏம்மா? உன் குரலே இருக்கு அதுல."

"குரல் இருக்கட்டும். ரூடி இருக்கான்."

"அவரைத்தான் எடுத்தாச்சே."

"முழுசா போகலடி. காது குடுத்துக் கேளு. தண்ணிக்கு அடியில முனகற மாதிரி. நான் ஒரு பக்கம் போனா அவன் ஒரு பக்கம் இழுக்கறான். ஊரை விட்டுப் போயும் என் தோள் மேல உக்காந்து வாசிக்கிறான்."

ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். அம்மா சொன்னது சரி. அடியில் எங்கோ மெல்லிய வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று மினுங்கியது. இரண்டு வாரம் பச்சையோடு உட்கார்ந்தும் எனக்குக் கேட்கவில்லை. என்னை நம்பி ஒரு ஆய்வகத்தில் ரத்த மாதிரி அடைத்த குழாயைக் கொடுப்பார்களா என்று ஒரு கணம் பயமாக இருந்தது.

ஆகவே சிவப்பு. மூன்றில் மிகச் சாதாரணமானது அதுதான். பாட்டின் சுர வரிசையைத் தட்டெழுதினால் பேஸும் டிரம்மும் பியானோவும் வாசிக்கும். அழகு கிடையாது. ஆனால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சுருதியை ஒரே தட்டில் மாற்றலாம். பியானோவை வாயடைக்கலாம். அது முக்கியம். அம்மா காதால் கேட்டுத்தான் கம்பிகளைக் கூட்டுவாள். சில கம்பிகளைப் பொடியளவு தாழ்த்திக் கூட்டினால்தான் ஸ்டீல் இனிக்கும். பெட்டிக்குள் இருக்கும் பியானோ அதற்கு இணங்காது. இரண்டும் சேர்ந்தால் பால் திரிந்த மாதிரி இருக்கும்.

"பாட்டு யாரும் பாடலையேம்மா இதுல" என்றேன். "எங்க வாசிக்கணும், எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் நோட்டை மூடிவிட்டேன்.

"இருபத்தாறு வருஷம் அந்த மூச்சை விட்டவளே நான்தான்டி."

சிவப்புக்கு நேராக ஒரு கோடு போட்டேன். முடிவு.

அப்போது கதவு திறந்தது. அப்பா. ஒரு கையில் காபி, இன்னொரு கையில் பாதி தின்ற கொலாச்சி, நடுவில் ஆப்ரிகாட் ஜாம் வைத்த பன்.

"என்ன, உங்க பேண்டு எந்திரிச்சாச்சா?"

"எந்திரிச்சாச்சு. உன் பேண்டு மாதிரி பத்து மணி வரைக்கும் தூங்கறதில்ல" என்றாள் அம்மா.

"பெட்டிக்குள்ள இருக்கற டிரம்மருக்கு பியர் வாங்கித் தர வேண்டாம். அது ஒண்ணுதான் லாபம்."

"வாயத் தெறந்து பேச மாட்டான். அது ரெண்டாவது லாபம்."

அப்பா கொலாச்சியை மென்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை.

"லவெர்ன், நான் நெசமாக் கேக்கறேன். உன் தொண்டைக்கு என்ன? டாக்டர்கிட்டப் போவோமா?"

"என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன்?"

"ஏன்னா எனக்கு வேணும்."

"அது ஒரு பதிலா?"

"ரூடி பதினேழு வயசுல உன்கிட்ட வந்து ஸ்டீல் வேணும்னு கேட்டான். ஏன்னு கேட்டியா நீ? நாற்காலி வாங்கிப் போட்டே. எனக்கு மட்டும் டாக்டர்."

அப்பா கொலாச்சியின் கடைசித் துண்டை வாயில் போட்டார். காபியைக் குடித்தபடி நின்றார். அம்மா கணினியைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் சிவப்பைத் தட்டினேன்.

டிக், டிக், டிக், டிக்.

அம்மா நுழைந்தாள். அந்த நான்கு தட்டுகளையும் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டதை நான் பார்த்தேன். பார்த்து என்ன பயன்? எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

மதியம் லீலண்ட் வண்டியைக் கொண்டுவந்தான், டிரம்களை ஏற்ற. அவன் தோள்கள் கதவை அடைக்கும். ஆனால் அப்பா இருமினாலே அவன் பயப்படுவான்.

"அண்ணா, சாயந்தரம் நீ அம்மா பக்கம்தானே?"

"நான் எந்தப் பக்கமும் இல்ல, மார்லா. நான் டிரம்ஸ்."

"டிரம்ஸுக்கும் பக்கம் உண்டு."

"அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டுலதானே இருக்காங்க? நாளைக்குக் காலைல ஒரே மேஜையில சாப்பிடணும். எனக்கு அப்பாவோட பூட்ஸ் எங்க தட்டுதோ அதான் தாளம். பத்து வயசுலேர்ந்து அப்படித்தான்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "லீலண்ட்! அந்த ஸ்டீலைத் தூக்கும்போது மிதிக் கம்பி தரையில இடிக்காம தூக்கு. அதுக்குப் பக்கம் வேண்டாம், கை போதும்."

அவன் காது சிவந்துவிட்டது. இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான்.

மொராவெக் ஹாலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் சூலக் தம்பதி மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் சோள மாவு தூவிக்கொண்டிருந்தார்கள். மாவு இல்லாவிட்டால் ஆடுகிறவர்களின் கால்கள் வழுக்காது, வழுக்காவிட்டால் ஆட்டம் சூடுபிடிக்காது, பீப்பாயில் பியர் மிச்சமாகும் என்பார் மிஸ்டர் சூலக்.

மேடையில் ரூடி சித்தப்பாவின் இடத்தில் ஸ்டீலை வைத்தோம். அம்மா உட்கார்ந்தாள். கட்டை விரலிலும் இரண்டு விரல்களிலும் கம்பியை மீட்டும் உலோக நகங்களை மாட்டிக்கொண்டாள். பின்னால் லீலண்ட். ஓரத்தில் ஆல்டன் மாமா, பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தபடி. முன்னால் பாடுபவருக்கான மைக் தனியாக நின்றது. நான் ஒலிப்பெட்டிக்குப் பின்னால் நோட்டோடு.

எங்கள் பேண்டில் பாட்டுக்கெல்லாம் எண்தான். அப்பா அக்கார்டியனை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பதினேழு."

எனக்கு மூச்சு திரும்பியது. பதினேழு எங்கள் ஐந்து பாட்டுகளில் ஒன்று. ஜோடியாகச் சுற்றி ஆடும் பாட்டு. மூன்று நிறத்திலும் சேர்த்து அம்மா அதை இருநூறு தடவையாவது வாசித்திருப்பாள்.

அம்மா உருளையைக் கம்பி மேல் வைத்தாள். வலது கை தயாராக நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா அசையவில்லை. லீலண்ட் அசையவில்லை. சூலக் தம்பதியின் துடைப்பம் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அது என் கெட்ட வழக்கம். பதினொரு வினாடி.

"என்ன லவெர்ன்?" என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார். "டிக் டிக் வரலையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

பதினேழை ஆரம்பிப்பது ஸ்டீல். ஸ்டீல் மட்டும். யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை. பாட்டின் கடைசி வரியை ஸ்டீல் தனியாக வாசிக்கும், அதில்தான் வேகமும் தெரியும், சுருதியும் தெரியும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பச்சையில் ஒன்றுமே இல்லாமல் கிடந்ததே சில வினாடி, வீண் என்று நான் வெட்டி எறிந்தேனே, அதுதான் ஸ்டீலின் இடம். அதை வெட்டிவிட்டு நான்கு தட்டு ஒட்டியிருக்கிறேன். ஆறு வாரம் அம்மாவின் கைகளை யாராவது எண்ணிக் கொடுக்கும்வரை காத்திருக்கப் பழக்கியிருக்கிறேன்.

பதினேழு எப்படி ஆரம்பிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். சித்தப்பா அந்த வரியை வாசிக்க வாசிக்க மைக் முன்னால் நின்று காத்திருந்தவள் அவள்தான். ஆனால் முன்பும் காத்திருந்தாள், இப்போதும் காத்திருந்தாள். கை ஒரு தடவைகூட ஆரம்பித்ததில்லை.

அப்பாவுக்கும் அது தெரியும். ஆறு வாரம் சமையலறையில் உட்கார்ந்து அந்த நான்கு தட்டுகளைக் கேட்டிருக்கிறார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அப்பா, இது என் தப்பு. நான்தான் வெட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாம இல்ல, நான்..."

"மார்லா, உக்காரு" என்றாள் அம்மா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என் கைக்கு வக்கீல் வேண்டாம்."

உட்கார்ந்தேன்.

பின்னால் லீலண்ட் இரண்டு குச்சிகளையும் மெல்ல உயர்த்தினான். நான்கு தட்டு கொடுக்கப்போகிறான்! என் அண்ணன்!

"இந்த பேண்டுல எண்ணிக் குடுக்கற வழக்கம் கெடையாது" என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே.

குச்சிகள் இறங்கின.

"அவர் சொல்றது சரி, லீலண்ட்" என்றாள் அம்மா. "எனக்கு யாரும் எண்ண வேண்டாம்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "இதைத்தான் பிடிச்சு வச்சிருந்தியா ஆறு வாரமா? வாசல்ல நின்னு காபி குடிச்சுக்கிட்டே?"

"பேண்டுல உக்காரணும்னா பேண்டு கேக்கறதை வாசிக்கணும்."

"வாசிக்கறேன். அக்கார்டியன்ல இருந்து கையை எடு."

"எதுக்கு?"

"எடு எர்வின். நான் தலையாட்டற வரைக்கும் உன் வேலை இல்ல அது."

ஹாலில் யாரும் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கையை எடுத்தாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

முதல் சுரம் தப்பு. கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அம்மா அதை மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாக வழுக்கி, சரியான இடத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து கடைசி வரி. அப்பாவின் வழக்கமான வேகம் இல்லை. அதைவிட நிதானம். வயதானவர்கள் ஆற அமரச் சுற்றும் வேகம்.

வரி முடிந்தது. மற்றவர்கள் நுழைய வேண்டிய இடம். லீலண்டின் குச்சி எழுந்தது. அம்மா தலையாட்டவில்லை.

தனியாகவே முதல் வரிக்குப் போனாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. வேறு பேண்டாக இருந்தால் யாராவது ஒருவர் பொறுக்காமல் நுழைந்திருப்பார். இங்கே மூன்று ஆண்கள் ஒரு மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சரணம் முழுவதும் அவர்களை அப்படியே நிற்கவைத்தாள் என் அம்மா.

அதன் பிறகுதான் லீலண்டைப் பார்த்துத் தலையாட்டினாள். குச்சிகளை வைத்துவிட்டு அவன் டிரம்மை மெதுவாக வருடும் கம்பித் தூரிகைகளை எடுத்தான். அடுத்து ஆல்டன் மாமாவுக்கு. அவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

அப்பாவுக்குக் கடைசியில்.

அப்பா நுழைந்ததும் இழுத்தார். அவர் பூட்ஸ் தரையில் அவருடைய வேகத்தைத் தட்டியது, அக்கார்டியன் அதன் பின்னால் ஓடியது. மேடையில் இரண்டு வேகம். நான் லீலண்டையே பார்த்தேன். அவன் அப்பாவின் பூட்ஸைப் பார்த்தான். அம்மாவின் வலது கையைப் பார்த்தான். மறுபடி பூட்ஸ்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

தூரிகைகள் ஸ்டீலோடு நின்றன. அவன் நெற்றியில் வேர்வை ஓடியது. அப்பா இன்னும் இரண்டு வரி முன்னால் ஓடிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பாட்டின் வேகத்துக்கு அவர் திரும்பி வர வேண்டியதாயிற்று.

இரண்டாம் சரணத்தில்தான் இன்னொன்று கேட்டது. அம்மா இப்போது மெட்டை வாசிக்கவில்லை. குரல் வர வேண்டிய இடங்களை அப்படியே விட்டுவிட்டு, வரி முடியும் இடத்தில் மட்டும் உள்ளே வந்து இரண்டு சுரம் சொல்லிவிட்டு விலகினாள். பாட யாரும் இல்லை. மைக் சும்மா நின்றது. ஆனாலும் சொற்கள் அந்த இடைவெளிகளில் இருந்தன. மிசஸ் சூலக்கின் உதடுகள் அசைந்தன. பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கணவரின் கையைப் பிடித்தார். இருவரும் சோள மாவில் சுற்ற ஆரம்பித்தார்கள். புது மாவில் அவர்களின் கால் தடம் வட்ட வட்டமாக விழுந்தது.

"எர்வின்!" என்று சுற்றிக்கொண்டே கத்தினார் மிஸ்டர் சூலக். "முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான்யா என் முழங்காலுக்கு ஏத்த மாதிரி வாசிக்கிறீங்க!"

பாட்டு முடிந்தது. முடித்ததும் அம்மாதான்.

அப்பா அக்கார்டியனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். ரொம்ப நேரம் அதன் பட்டையைச் சரிசெய்தார்.

"ஒரு பாட்டுன்னு சொன்னேன்" என்றார். "வாசிச்சுட்டே. எடம் உன்னுது."

லீலண்ட் மூச்சை விட்டது எனக்கே கேட்டது. அம்மா நகங்களைக் கழற்றவில்லை.

"சரி" என்றார் அப்பா. "இப்ப ராத்திரி எட்டு மணிக்கு நூத்தம்பது பேர் வருவாங்க. யார் பாடறது?"

"அது தலைவர் கவலை. நான் ஸ்டீல் வாசிக்கிறவ."

"லவெர்ன், வெளையாடாதே. முதல் பாதி நீ பாடு. ரெண்டாவது பாதி உக்காந்து வாசி. ரெண்டுக்கும் நான் ஒத்துக்கறேன்."

அது நியாயமான பேச்சு என்றுதான் எனக்கு அந்த நேரத்தில் பட்டது. என் தலை தானாகவே ஆடியிருக்கும் போல. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன்.

"ரூடிகிட்ட என்னைக்காவது பாதி கேட்டியா? பாதி வாசி, பாதி நேரம் எந்திரிச்சு ஆடுன்னு?"

"ரூடிக்குப் பாட வராது."

"எனக்கு வரும். அதனால எனக்குத் தண்டனையா?"

"தண்டனைன்னு யாரு சொன்னா? நாலு மணி நேரம் பாட்டே இல்லாம எவன் நிப்பான்? ஆள் இல்லேன்னா நான் நடனத்தையே நிறுத்த வேண்டியதுதான்!"

"நிறுத்து" என்றாள் அம்மா. "வாசல்ல பலகை இருக்கு. காரணத்தையும் சேர்த்து எழுது. என் பொண்டாட்டி உக்காந்துட்டா, அதனால ஆட்டம் கெடையாதுன்னு."

அப்பா தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு வெளியே போனார். ஹாலின் கம்பிக் கதவு இரண்டு தரம் அடித்து நின்றது.

 ஏழரை மணிக்கு நான் வாசலில் நுழைவு மேஜையைப் போட்டேன். புல்வெளியில் வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. ஆண்கள் பூட்ஸைப் புல்லில் துடைத்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

அப்பா சாக்பீஸோடு வந்தார். பலகையில் வருடக்கணக்காக ஒரே வரிதான்: குபாலா குடும்ப பேண்டு, பாடுபவர் லவெர்ன். இரண்டாம் பாதியைச் சட்டைக் கையால் துடைத்தார். அந்த இடத்தில் 'ஸ்டீல்: லவெர்ன்' என்று எழுதினார். கையெழுத்து நேராகத்தான் இருந்தது. அதன் கீழே 'பாடுபவர்' என்று எழுதினார். அங்கே நின்றுவிட்டார்.

"மார்லா."

"சொல்லுங்கப்பா."

"உங்கம்மா உங்கிட்ட ஏதாவது சொன்னாளா? நெசமா பாட மாட்டாளா?"

"நெசமாத்தான்."

"ஒரு பாட்டுகூடவா?"

"நான் கேக்கலப்பா" என்றேன். உண்மை அதுதான். கேட்டால் அவள் சொல்லும் பதிலைவிட, நான் கேட்டேன் என்பதுதான் அவளுக்கு வலிக்கும் என்று தோன்றியது.

முதல் தம்பதி படியேறி வந்தார்கள், கொனெக்னி வீட்டுக்காரர்கள். பலகையைப் படித்தார்கள். "யாரு எர்வின் பாடறா இன்னைக்கு?" என்றார் அந்த அம்மா. பின்னால் வந்தவர்களும் நின்று படித்தார்கள். அப்பா சாக்பீஸை விரல்களில் உருட்டினார்.

அப்போது உள்ளே ஸ்டீல் கேட்டது. பதினேழு. கடைசி வரி, தனியாக, நிதானமாக.

மணி ஏழு ஐம்பது.

"எட்டு ஆகலையே!" என்றார் அப்பா. "யாரு ஆரம்பிக்கச் சொன்னது அவளை?"

யாரும் சொல்லவில்லை. அவர் சாக்பீஸை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். கொனெக்னிகள் ஜோடியாக அவர் பின்னாலேயே நுழைந்தார்கள், அவர்கள் பின்னால் மற்றவர்கள். என் மேஜையில் யாரும் நிற்கவில்லை. நான் சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றேன். அக்கார்டியன் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. தூரிகைகள் வந்தன, பேஸ் வந்தது.

பிறகு மைக்கின் பொத்தானை யாரோ தட்டும் சத்தம். ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. ஒருவர் தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமல் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் லீலண்ட் இருபது வருடமாகப் பயப்படுகிறான். ஆனால் அப்பா மைக் முன்னால் நின்று நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் கிடையாது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லப்போகிறாரா? அல்லது...

ஸ்டீல் நிற்கவில்லை. முதல் சரணத்தின் வாசலுக்கு வந்தது, அங்கே அவர் பாட ஒரு வரி இடம் விட்டது.